சிவப்பு எண்ணெய், இரண்டு ஜாடி

6

ரூடி ஸ்டாரிச்சின் பட்டறைக்குள் வண்டியை விட்டு இறங்கியதும் டுவேன் மூக்கைப் பொத்திக்கொண்டான். வெளியே மைனஸ் முப்பத்தாறு. மூக்கு மயிர் கம்பியாக விறைக்கிற குளிர். உள்ளே கழிவு எண்ணெயை எரிக்கிற அடுப்பு. விறைத்த மயிரெல்லாம் ஒவ்வொன்றாக இளகி அந்த நாற்றத்தை நேராக மூளைக்கு அனுப்பி வைத்தது.

"வெளியவே நின்னு செத்திருக்கலாம் அத்தை," என்றான். "கௌரவமான சாவு."

"கதவைச் சாத்து," என்றார் ஐலி கங்காஸ்.

ஐலிக்கு அறுபத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்தெட்டு வருடம் விபத்து வண்டிகளை மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மோப்பம் ஓய்வு பெறவில்லை. டுவேன் அவருடைய மகள் கிர்ஸ்டனை ஆறு வருடம் கட்டியிருந்தவன். விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபோது கிர்ஸ்டன் அவனை மட்டும், பழைய வீட்டில் விட்டுப்போன சோபா மாதிரி, அம்மா வீட்டிலேயே விட்டுப் போனாள். ஐலி சோபாவைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. கராஜுக்கு மேலிருந்த அறையைக் கொடுத்து, வண்டி ஓட்டவும் ஜாடி தூக்கவும் வைத்துக்கொண்டார்.

அடுப்புக்கு அந்தப் பக்கம் மார்லிஸ் துவோமியின் டீசல் பிக்கப், மூக்கு உடைந்து நின்றது. போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மார்லிஸ் ஸ்கூல் பஸ் எடுப்பதற்காக இந்த வண்டியில் கிளம்பி, சரிவில் இறங்கி, பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடுகிற கர்லிங் அரங்கத்தின் வாசலில் மோதினாள். வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த ஆர்விட் ஹௌக்கின் தொடையெலும்பு முறிந்தது. தெருவில் பிரேக் போட்ட தடம் இல்லை. அவள் கையில் போன் இருந்ததைப் பார்த்தேன் என்று ஆர்விட் ஷெரீஃப் ஆளிடம் சொல்லியிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளி வாரியம் கூடி, பத்தொன்பது வருடமாக அவள் ஓட்டிய பஸ்ஸிலிருந்து அவளை இறக்கப்போகிறது. ஒரு தரம் இறக்கினால் இறக்கினதுதான்.

"காப்பி?" என்றான் ரூடி. அவன் நீட்டிய கோப்பையின் அடியில் ஒரு போல்ட் கிடந்தது.

"போல்ட் போடாத காப்பி இருக்கா?"

"அது ஊறட்டும்னு போட்டது. வேற கோப்பை தரேன்." ரூடியின் தாடியில் முட்டை காய்ந்திருந்தது. இன்றைய முட்டை என்று நம்புவதற்கு டுவேனிடம் ஆதாரம் இல்லை. கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரல் எங்கே முடிகிறது, நகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத கறுப்பு.

"உன் வண்டி பம்ப் முனகிட்டு இருந்துச்சே, பார்க்கட்டுமா?" என்றான் ரூடி.

"தேவையில்ல. அஞ்சு நாளா முனகல. என்கூடவே இருந்து அதுவும் எல்லாத்தையும் ஏத்துக்கப் பழகிடுச்சு."

ஐலி மார்லிஸின் வண்டியைச் சுற்றி வந்தார். "இதுல என்ன கோளாறு ரூடி?"

"ஒண்ணும் இல்ல. ஷெரீஃப் ஆளுக்கே ஓட்டிக் காட்டினேன். ஒத்தை விரல்ல திருப்பலாம். பிரேக் வெண்ணெய்."

"எங்க ஓட்டிக் காட்டின?"

"இங்கதான், அடுப்புப் பக்கத்துல. அந்தக் குளிர்ல எவன் வெளிய போவான்?"

"டுவேன், மார்லிஸ் சொன்னதைப் படி."

டுவேன் நோட்டைப் புரட்டினான். "ஸ்டீயரிங் மரமா இறுகிடுச்சு. பிரேக் பலகையா இறுகிடுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல." நோட்டை மூடினான். "ரெண்டும் ஒரே நேரத்துல போறது எனக்கு நடந்திருக்கு. வேலையும் போச்சு, பொண்டாட்டியும் போச்சு. வண்டிக்கு நடக்காது அத்தை. ஸ்டீயரிங் வேற, பிரேக் வேற."

"இதுல வேற இல்ல," என்றான் ரூடி. "பெட்ரோல் எஞ்சின்னா தானா காத்தை உறிஞ்சி பிரேக்குக்குத் தெம்பு குடுக்கும். டீசல்ல அது கெடயாது. அதனால ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் தள்ளற பம்ப்பே பிரேக்கையும் அமுக்கிக் குடுக்குது. ஒரே பம்ப், ஒரே எண்ணெய்."

ஐலி தலையாட்டினார். "மார்லிஸுக்கு இது தெரியுமா?"

"அவளா? டீசல் எந்தப் பக்கம் ஊத்தணும்னு தெரியும்."

"தெரியாதவ பொய் சொன்னா பிரேக் பிடிக்கலன்னு மட்டும்தான் சொல்லுவா. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுக்கு ரெண்டும் போயிருக்கணும்."

அவர் கைப்பையிலிருந்து இரண்டு ஜாம் ஜாடிகளையும், ரப்பர் குமிழ் வைத்த ஒரு நீளக் குழாயையும் எடுத்தார். டுவேனுக்கு அந்தக் குழாயைத் தெரியும். நவம்பரில் வான்கோழி வேகும்போது அதன்மேல் சாறு ஊற்றுகிற குழாய்.

"அத்தை, அதை இதுக்குமா வெச்சிருக்கீங்க?"

"கழுவுவேன்."

ஆறு நவம்பர் மாதத்து விருந்து டுவேனின் தொண்டை வரைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போனது.

மார்லிஸின் ஸ்டீயரிங் எண்ணெய் ஒரு ஜாடியில். ரூடியின் அலமாரியில் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து அதே வகைப் புது எண்ணெய் இன்னொரு ஜாடியில். இரண்டும் இருமல் மருந்து மாதிரி சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஐலி இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் ஊசியை எடுத்தார். முக்கால் மணி நேரம் பின்னல் நீண்டது. டுவேன் போல்ட் இல்லாத காப்பியைக் குடித்தான். போல்ட் இருந்திருந்தால் ருசியாவது இருந்திருக்கும்.

ஜாடிகள் உள்ளே வந்தன. புது எண்ணெயைச் சாய்த்தார். சோம்பலாக, ஆனால் சாய்ந்தது. மார்லிஸின் ஜாடியைச் சாய்த்தார். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்படியும் யோசித்துக்கொண்டிருந்தது. ஐலி ஒரு விரலால் தொட்டுக் கட்டைவிரலில் ஒட்டிப் பிரித்தார். நடுவே ஒரு சிவப்பு இழை நீண்டு நின்றது. அடுப்படியில் இதைக் காட்டியிருந்தால் கம்பிப் பதம் வந்துவிட்டது, அடுப்பை அணை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ரூடி தொட்டு, முகர்ந்து, முகத்தைச் சுளித்தான். அவனே சுளிக்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று டுவேன் குறித்துக்கொண்டான்.

"ரம்பத்துக்கு விடற எண்ணெய்," என்றான் ரூடி. "மரம் அறுக்கற மெஷின் ரம்பம். சங்கிலி சுத்தறப்ப தெறிக்கக் கூடாதுன்னு பசை போட்டிருப்பான். அதுவும் கோடைக்காலச் சரக்கு. பாதிக்குப் பாதி கலந்திருக்கு. சூட்டுல ஓடும். வெளிய ராத்திரி பூரா நின்னா பம்ப் இதை இழுக்கவே முடியாது."

"ராத்திரி பூரா அவ பிளக் போட்டிருந்தாளே," என்றான் டுவேன். ஊரில் எல்லா வண்டிக்கும் மூக்கில் ஒரு ஒயர் தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் மாட்டாவிட்டால் காலையில் எஞ்சின் கிளம்பாது.

"அந்தச் சூடு எஞ்சினுக்கு மட்டும். அது டக்குனு கிளம்பிடும், நாமளும் வண்டி பூரா சூடுன்னு நெனச்சு ஏறிப் போயிடுவோம்."

டுவேனின் பார்வை அலமாரிக்குப் போனது. மூன்றாவது தட்டில் ரம்ப எண்ணெய், நாலு டப்பா. அப்புறம் ரூடியின் கைகளுக்குப் போனது.

"என்னைப் பார்க்காத," என்றான் ரூடி. "அவ பானெட்டை நான் அக்டோபருக்கு அப்புறம் தொறக்கல."

டுவேன் நோட்டில் ரூடியின் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான்.

*

மார்லிஸ் முழங்கையால் வீட்டுக் கதவைத் திறந்தாள். இரண்டு கட்டைவிரலும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. வெளியே டுவேனின் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அரைமணி நேர வேலைக்கு இந்தக் குளிரில் யாரும் டீசலை அணைப்பதில்லை.

"ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி இப்படி ஆச்சு," என்றாள். "ஷெரீஃப் ஆள்கிட்ட காட்டினேன். மோதினதுல பட்டிருக்கும்னாரு."

"ரெண்டு கையும் இப்படி ஆகணும்னா போனைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத்தான் பேசியிருக்கணும்," என்றான் டுவேன்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. "ஒண்ணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் அம்மா நேத்து கடையில என்னைப் பார்த்ததும் பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் நிறுத்திக்கிட்டா. வேலை போனா போகட்டும் ஐலி. அவங்க வீட்டுப் பிள்ளைங்களை நான் அப்படி ஏத்திட்டுப் போனேன்னு நெனைக்கறாங்க பாருங்க, அதுதான்..." வாக்கியத்தை முடிக்காமல் அடுப்பைத் துடைக்கப் போனாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

"புதன்கிழமை வண்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் ஐலி.

"திருப்பறப்பல்லாம் முனகும். ரெண்டு வாரமா. புதன் சாயங்காலம் கர்லிங் விளையாடப் போனேன். திரும்பி வர்றப்ப சத்தமே இல்ல. தானா சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"எண்ணெய் குறைஞ்சா முனகும். தானா சரியாகாது. யாரோ ஊத்தியிருக்காங்க." ஐலி டுவேனை ஒரு தரம் பார்த்தார். தன் தாடியிலும் முட்டை எதுவும் இருக்கிறதா என்று டுவேன் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஆட்டம் முடிஞ்சு வர்றப்ப வண்டி பிளக்ல இருந்துச்சா?"

"இருந்துச்சே. ஆர்விட்தான் மாட்டியிருப்பார். எல்லார் வண்டிக்கும் மாட்டுவார், பாவம். அந்த மனுஷனைப் போய்..." கண்ணைத் துடைக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. புறங்கையால் துடைத்தாள்.

வெளியே வந்ததும் ஐலி சொன்னார்: "இனிமே எங்க போனாலும் வண்டியை அணைக்காத. மணிக்கு இருபது மைல் வேகத்துக்கு மேல போகாத."

"முழங்கால் வலியா?"

"ஆமா. முழங்கால்."

*

கர்லிங் அரங்கத்தின் உடைந்த வாசலில் ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள். உள்ளே ஈர பூட்ஸ், பழைய வறுத்த எண்ணெய், நேற்றைய பீன்ஸ் சூப் எல்லாம் கூட்டணி வைத்த வாசனை. புதன்கிழமைதோறும் டுவேன் இந்த வாசனையில்தான் உட்கார்ந்திருப்பான். காப்பி குடிக்க வருவதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். கிர்ஸ்டன் மூன்றாவது தடத்தில் விளையாடுவாள் என்பது வெறும் தற்செயல்.

அறிவிப்புப் பலகையில் சனிக்கிழமை ஏரித் திருவிழாவின் தாள் இருந்தது. பனிக்கட்டியை ரம்பத்தால் செதுக்கும் போட்டி. அணித் தலைவர் ஆர்விட் ஹௌக். ஐலி கடைசி வரியில் விரல் வைத்தார். ஏரியில் கறை படியக் கூடாது, எல்லா ரம்பத்திலும் சமையல் எண்ணெய் மட்டுமே விடவேண்டும், டப்பாவை நடுவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

"சாமி கும்பிட வேண்டிய ஆளைச் சந்தேகப்படறீங்களா?" என்றான் டுவேன். "பிளக் மாட்டி, குறைஞ்ச எண்ணெயை ஊத்தி, ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி கிளம்பறதே அவரால. தேவாலயத்துல காணிக்கைத் தட்டு ஏந்தறவர். நகம் வெட்டறதுக்குத் தனி கிழமை வெச்சிருக்கிற மனுஷன். பட்டறையில ஒருத்தன் நாலு டப்பா வெச்சுக்கிட்டு..."

"வா."

ஆர்விட்டின் வண்டி வியாழக்கிழமை நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. பின்சீட்டில் ஒரு பால் கூடை, நான்கு அறை. ஒன்றில் கண்ணாடி கழுவும் நீர். ஒன்றில் ரேடியேட்டருக்கு ஊற்றுவது. ஒன்றில் ரம்ப எண்ணெய் டப்பா. ஐலி அதன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சளாகச் சமையல் எண்ணெய்.

"இதுல இருந்த சிவப்பு ரம்ப எண்ணெயை எடுத்துட்டு மஞ்சளை ஊத்தியிருக்கார்," என்றார் ஐலி. "இந்த ஊர்ல எவன் நல்ல எண்ணெயைக் கீழ கொட்டுவான்? வேற டப்பாவுல ஊத்தி வெச்சிருப்பார்."

நான்காவது அறை காலி. அடியில் சதுரமாகச் சிவப்புக் கறை. டுவேன் விரல் வைத்தான். விரலோடு இழை கொஞ்ச தூரம் வந்து அறுந்தது. மற்றவர்களுக்கு ஊற்றுவதற்காக ஆர்விட் எப்போதும் வைத்திருக்கும் ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவின் இடம் அது.

*

மருத்துவமனை அறையில் ஆர்விட் ஹௌக் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பில், மழித்த முகத்தோடு, கால் கயிற்றில் தொங்கப் படுத்திருந்தார். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படம். பாதிப் படத்தில் மஞ்சள் பஸ். மேசையில் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைத்த கண்ணாடித் தட்டு, பாதி காலி.

"போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா," என்றார் ஆர்விட், கேட்காமலே. "அவமேல எனக்குக் கோபம் இல்ல ஐலி. அவளுக்காக ஜெபம் பண்றேன்."

ஐலி இரண்டு ஜாடிகளையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அறைச் சூட்டில் இரண்டும் மறுபடி இரட்டைப் பிள்ளைகள். "இதுல ஒண்ணு மார்லிஸ் வண்டியில இருந்தது ஆர்விட். எண்ணெய் தப்பு. யாரோ மாத்தி ஊத்தியிருக்காங்க."

ஆர்விட் ஜாடிகளைப் பார்க்கவில்லை. கால் கட்டிய கயிற்றைப் பார்த்தார். "ரூடி பட்டறைதானே. அங்க என்ன சுத்தம் இருக்கு?"

டுவேனுக்கு அந்த இரண்டு கோடு நினைவுக்கு வந்தது. தானும் அதே அழுக்கைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தான்.

அப்போது ஆர்விட்டின் மனைவி ஜாய்ஸ் காப்பிக் குடுவையோடு உள்ளே வந்தாள். உருண்டை முகம், கள்ளம் இல்லாத குரல். "ஐலி! எண்ணெய் விஷயமா? இவருக்கும் அதே நெனப்புதான் போங்க. வியாழக்கிழமை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறாங்க, நான் அழுதுக்கிட்டிருக்கேன், இவர் என் கையைப் பிடிச்சு என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க? வண்டியில இருக்கற ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவைக் குப்பைல போட்டுடு, ஒழுகுதுங்கறார். நாப்பத்தோரு வருஷக் கல்யாணம்!"

"ஜாய்ஸ்," என்றார் ஆர்விட்.

"ஒழுகவே இல்ல. நல்ல டப்பா, முக்கால்வாசி எண்ணெய். தூக்கிப் போட மனசு வருமா? கராஜ்ல ரெண்டாவது தட்டுல வெச்சிருக்கேன். உங்களுக்கு வேணுமா ஐலி?"

கால் கட்டிய கயிறு ஒரு தரம் ஆடியது.

"தெரியாமத்தான் ஊத்தினேன்," என்றார் ஆர்விட். குரல் பாதியாகிவிட்டிருந்தது. "முனகுதேன்னு ஊத்தினேன். உதவிதான். அந்த டப்பாவுல ரம்ப எண்ணெயை ஊத்தி வெச்சது மறந்துபோச்சு. வண்டி என்மேல வர்றப்பதான் உறைச்சுது."

"அது தப்பு இல்ல," என்றார் ஐலி. "யாருக்கும் நடக்கும். அவளை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தா?"

"ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல. எழுந்து நின்னுட்டா, பிரேக் மேல. நகருங்க நகருங்கன்னு கத்தறா. கண்ணாடிக்குள்ள வாய் தெரிஞ்சுது."

"போன்?"

"போன் பார்த்தாளான்னு ஷெரீஃப் ஆள்தான் கேட்டார். நான் ஆமான்னு..." ஆர்விட் மனைவி பக்கம் திரும்பாமல் சொன்னார். "ஊரே என்னை நம்பி பானெட்டைத் திறந்து விடுது ஐலி. இது தெரிஞ்சா யார் தொட விடுவாங்க?"

டுவேன் எதற்கோ எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மேசைத் தட்டைத் தூக்கினான். விருந்துக்குக் கொண்டுபோகிற பாத்திரம் மாறிப்போகாமலிருக்க, அடியில் டேப் ஒட்டி பெயர் எழுதுவது ஊர் வழக்கம். இதிலும் எழுதியிருந்தது. எழுத்து கோணலாக, கட்டைவிரல் இல்லாமல் பேனா பிடித்தது போல.

மார்லிஸ் துவோமி.

அவன் தட்டைக் கீழே வைத்தான். ரூடியின் காப்பி, வான்கோழிக் குழாய், பீன்ஸ் சூப் எதுவும் செய்யாத வேலையை அந்தப் பாதி காலியான தட்டு செய்தது. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டான்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

ஜாய்ஸ் காப்பிக் குடுவையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு அதை வைத்துவிட்டு, படுக்கையோரம் இருந்த தொலைபேசியை எடுத்து, பள்ளி வாரியத் தலைவரின் எண்ணைத் தானே அழுத்தி, கணவரின் காதில் வைத்தாள். "சொல்லுங்க," என்றாள். "அவ எழுந்து நின்னதையும் சொல்லுங்க." அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் தொலைபேசியை அவளே பிடித்திருந்தாள். அடுத்து ஷெரீஃப் ஆபீஸ்.

கதவுக்குப் போகும்போது ஐலி திரும்பினார். "புதன்கிழமை எத்தனை வண்டிக்கு ஊத்தினீங்க?"

ஆர்விட்டின் கண் டுவேன்மேல் விழுந்து, உடனே விரிப்புக்கு இறங்கியது. "ரெண்டு."

டுவேனுக்கு நிதானமாகத்தான் விளங்கியது. புதன்கிழமை. காப்பி. அஞ்சு நாளாக முனகாத வண்டி. அது ராத்திரியெல்லாம் அத்தையின் கணப்பு போட்ட கராஜில் தூங்கியதால்தான் அவன் இன்னும் சுவரில் மோதாமல் இருக்கிறான். இந்த மனிதர் ஐந்து நாளாக அதைத் தெரிந்துகொண்டே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

*

வெளியே வண்டி இன்னும் உறுமிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?"

"மார்லிஸ் வீட்டுலயே."

"தெரிஞ்சுமா என்கூட ஏறி வந்தீங்க?"

"ஓடிக்கிட்டே இருந்தா எண்ணெய் இளகி இருக்கும். அணைச்சாதான் ஆபத்து." ஐலி கையுறையை இழுத்து மாட்டினார். "சொல்லியிருந்தா பயந்து கண்டபடி ஓட்டியிருப்ப. நீ சாதாரணமாவே கண்டபடிதான் ஓட்டுவ. இப்ப அணைச்சுடு. இது சாட்சி."

டுவேன் முதலில் மார்லிஸைக் கூப்பிட்டான். செய்தியைச் சொன்னான். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தத் தட்டை அப்படியே வாங்கிட்டு வந்துடு டுவேன்," என்றாள். "ஜாய்ஸுக்கு வேற தட்டுல பண்ணிக் குடுக்கறேன்."

அடுத்த அழைப்பில் ரூடி இழுவை வண்டியோடு வந்தான். இருக்கையில் பழைய சாக்கு, காலடியில் ஏதோ பிராணியின் எலும்பு, கண்ணாடியோரம் நேற்றைய ஸாண்ட்விச். ஐலி ஏறி நடுவில் உட்கார்ந்து பின்னலை எடுத்துவிட்டார். ரூடி டுவேனின் வண்டிக்கடியில் பனியில் மல்லாந்து படுத்துச் சங்கிலி மாட்டி, எழுந்து, எதுவும் கேட்காமல் கையை நீட்டினான். ஏறுவதற்குக் கைகொடுக்கத்தான்.

டுவேன் அந்தக் கறுப்புக் கையைப் பிடித்து ஏறினான். வீடு வரும்வரை தன் கையைத் துடைக்கவில்லை.